ஆடி மாதத்தில் குறித்த கடல் பயணம்

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆபீசில் எனக்கு வேலையே அதுதான். யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்து, முடிக்காதவர்கள் தலையில் போய் உட்கார்ந்துகொள்வது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்காக வந்த கன்னட நகரத்தில், ஜோகுபாளையம் என்ற பகுதியில் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் மூன்று பெண்கள் ஐந்து வருடம் குடியிருந்தோம். யார் பால் வாங்குவது, யார் காஸ் புக் பண்ணுவது, காவிரித் தண்ணீர் வரும் நாளில் யார் டிரம் நிரப்புவது எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிய அட்டவணைப்படிதான் நடக்கும். மற்ற இருவரும் என்னை ஹெட்மிஸ் என்று கூப்பிடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருத்தி சேலத்துக்காரி, ஒருத்தி திருச்சிக்காரி, நான் ஆம்பூர். வீடு கிடைக்காமல் அலைந்த மூன்று பேர் ஒரே புரோக்கர் கையில் மாட்டியதால் சேர்ந்தோம், வேறு பொருத்தம் ஒன்றும் கிடையாது. சேலத்துக்காரி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். திருச்சிக்காரி நாலு வார்த்தை பேசினால் அதில் ஒன்று நம்மைக் குத்துவதற்காக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேசர் டவுனிலிருந்து பிரியாணி வாங்கி வந்து தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிடுவோம். எங்கள் ஊர் பிரியாணி இப்படி இருக்காது என்று ஐந்து வருடமும் நான் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். எனக்கு டெங்கு வந்தபோது திருச்சிக்காரி பதினோரு நாள் லீவு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினோரு நாளும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமானது. மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். மாப்பிள்ளை ஜெர்மனியில். ஆவணியில் கல்யாணம், விசா கைக்கு வந்ததும் இவளும் கிளம்பிவிடுவாள். நான் புடவை எங்கே எடுப்பது, மண்டபம் எங்கே என்றெல்லாம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். யார் மேல் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரிந்திருக்காது, இன்றைக்கும் தெரியாது.

போவதற்கு முன் என்ன வேண்டும் என்று சேலத்துக்காரி கேட்டாள். கடலுக்குள்ளே மீன் பார்க்க வேண்டும் என்றாள் இவள். தட்டில் வருவது இல்லை, உயிரோடு நீந்துவது. போனில் அந்த மாதிரி வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பது அவள் வழக்கம். கடலே இல்லாத ஊர்களில் பிறந்த மூவர் நாங்கள். எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. சேலத்துக்காரி அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்: முருடேஸ்வரத்திலிருந்து படகில் போனால் நேத்ராணி என்று ஒரு தீவு இருக்கிறது, மிதவை ஜாக்கெட் போட்டு, முகத்தில் கண்ணாடி மாஸ்க் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, வழிகாட்டி ஒருவர் கூடவே இருந்து தண்ணீரில் மிதக்க வைப்பார். குனிந்து பார்த்தால் போதும், நீந்தத் தெரிய வேண்டியதில்லை. காலையில் போய் மதியம் கரைக்கு வந்துவிடலாம்.

அத்தோடு அது என் கைக்கு வந்துவிட்டது. அவள் போவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாள் கடலில் முகம் வைத்து மீன் பார்க்க வேண்டும். அவளிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை. போகாதே என்று கேட்க முடியாததால் இதைப் பிடித்துக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது.

எக்செல் ஷீட் ஒன்று திறந்தேன். தேதி முடிவு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் மூன்று ஆபீஸ்களிலும் சாஃப்ட்வேர் வெளியிடும் ரிலீஸ் தேதிகளைக் கழித்தேன். அடுத்தது மூன்று பேரின் மாதவிலக்கு நாட்கள். கடலில் இறங்குகிற வேலை, அதைப் பார்க்காமல் எப்படி. மூவருக்கும் மூன்று வெவ்வேறு வாரத்தில் வந்து தொலைக்கும். மூன்றாவதாகக் கல்யாண வீட்டு வேலைகள். முகூர்த்தப் புடவை எடுக்கிற நாள், பத்திரிகை வைக்கிற நாள், யாரோ அத்தை வீட்டு விருந்து என்று வாரா வாரம் அவளைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வாரத்தைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று இடித்தது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஆடி. ஆடியில் யாரும் எந்த நல்ல காரியத்தையும் தொடமாட்டார்கள். புடவை எடுக்கமாட்டார்கள், பத்திரிகை வைக்கமாட்டார்கள், அவளை ஊருக்குக் கூப்பிட ஒரு காரணமும் இருக்காது. ஆடி மூன்றாவது வாரம் சனிக்கிழமை எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். ஹெட்மிஸ் ஹெட்மிஸ்தான் என்றாள் சேலத்துக்காரி. அன்றைக்குப் பூராவும் நான் தரையில் நடக்கவில்லை.

படகு ஏற்பாடு செய்கிறவர்களின் இணையதளத்தில் படிவம் நிரப்பி அனுப்பினேன். மூன்று பேர், நீச்சல் தெரியாது, சனிக்கிழமை காலை. கோரிக்கை கிடைத்தது, தொடர்புகொள்கிறோம் என்று உடனே ஒரு மெயில் வந்தது. அது இயந்திரம் அனுப்பும் மெயில் என்று தெரியாதவள் இல்லை நான். ஆனாலும் அதையே டிக்கெட் மாதிரி பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரு போன் போட்டுப் பேசியிருக்கலாம். பேசாததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கன்னடம் வராது. ஐந்து வருடமாகியும் வராது. ஜோகுபாளையத்தில் காய்கறிக்காரர் தமிழ், இஸ்திரிக்காரர் தமிழ், வீட்டு ஓனர் ஆன்ட்டி தமிழ், ஆபீசில் இங்கிலீஷ். தேவைப்படவே இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால், தெரிந்த மாதிரி தலையாட்டியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒத்திகை ஆரம்பித்தது. அந்தக் குழாயில் வாயால் மட்டும் மூச்சு விடப் பழக வேண்டும், புதிதாகப் போகிறவர்கள் பயந்துபோய் மூக்கால் இழுத்துத் தண்ணீர் குடித்துவிடுவார்கள் என்று எங்கேயோ படித்தேன். உடனே ஆன்லைனில் ஒரு மாஸ்க்கும் குழாயும் வரவழைத்தேன். மூன்று பேருக்கும் ஒன்றுதான். கடலுக்கு எங்கே போவது? பாத்ரூமில் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் இருந்தது. தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒவ்வொருத்தியாக அதில் முகத்தை அமிழ்த்திக்கொண்டு நிற்க வேண்டும், நான் போனில் நேரம் பார்ப்பேன். முதல் நாள் திருச்சிக்காரி ஒன்பது வினாடியில் எழுந்து இருமி இருமிக் கண் சிவந்தாள். டிரம்முக்குள் மீன் இல்லாததால் மனசு ஒட்டவில்லை என்றாள். சேலத்துக்காரி குழாய் வழியாகவும் பேசினாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரிந்ததுதான் ஆச்சரியம். மூன்றாவது வாரத்தில் மூவரும் ஐந்து நிமிடம் நின்றோம்.

ஒரு நாள் ஓனர் ஆன்ட்டி மேலே வந்துவிட்டார். அவர் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், இரண்டும் ஒரே மொழி என்பது அவர் எண்ணம். கதவு திறந்திருக்க, சேலத்துக்காரி டிரம்முக்குள் தலையைக் கவிழ்த்து நிற்பதை வாசலிலிருந்தே பார்த்தார். பிறகு, குடிக்கிற தண்ணியில் மூஞ்சி கழுவுகிற பெண்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குடிக்கிற தண்ணீர் தனி டிரம் என்று நான் படியிறங்கிப் போய் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போது கடல் விஷயத்தையும் சொன்னேன். எப்போது போகிறீர்கள் என்று கேட்டார். ஆடியில் என்றேன். ஆடியில் எதுக்கும்மா என்றார். ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, இது நல்ல காரியம் இல்லை ஆன்ட்டி, சும்மா ஊர் சுற்றுவது என்று சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் கன்னடம். அந்தப் பக்கம் பேசியவர் வேகமாகப் பேசினார், இடையில் நேத்ராணி என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நான் ஓகே ஓகே என்றேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை சத்தமாக. வேறு வழியில்லாமல் கீழே ஓடிப்போய் ஆன்ட்டி கையில் போனைக் கொடுத்தேன். ஆன்ட்டி பேசினார், கேட்டார், ஒரு தடவை சிரித்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பக்கம் இப்போ பேய் மழைம்மா. ஆனி ஆடியில கடல்ல ஒரு போட்டும் எறங்காது. மளெ நின்னு, தண்ணி தெளிஞ்சப்பறம் வாங்கன்றாரு. இன்னாமா நீ, சொல்ப முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

எனக்கு மழை என்றால் ஐப்பசி. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதுதான் அடைமழை, ஆடியில் அடிப்பது காத்து. ஆம்பூரில் பிறந்தவளுக்கு அப்படித்தான் உடம்பில் ஊறியிருக்கிறது. மேற்குக் கரையில் எல்லாம் தலைகீழ், எங்கள் ஆடிதான் அவர்களுக்கு அடைமழை என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். என் ஷீட்டில் ஆபத்துகள் என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. வெயிலில் தோல் கறுப்பது முதல் படகில் வாந்தி வருவது வரை பன்னிரண்டு எழுதியிருந்தேன். மழை அதில் இல்லை.

மேலே போய் இருவரிடமும் சொன்னேன். திருச்சிக்காரி, ஆவணிக்கு அப்புறம் பார்த்துக்கலாம் விடு என்றாள். அந்த "விடு"தான் எனக்குத் தாங்கவில்லை. ஆவணிக்கு அப்புறம் நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று கத்தினேன். அவள்மேல் கத்த ஒரு நியாயமும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிரிண்டை நானே கிழித்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்சம்தான், பத்து நாளில் திரும்பிப் போய்விட்டார். விசா வரும்வரை வேலையை விட வேண்டாம் என்று முடிவாகி, கழுத்தில் புதுத் தாலியோடு அவள் மறுபடி ஜோகுபாளையத்துக்கே வந்தாள். எங்களுக்குக் கிடைத்தது அந்த இடைவெளி மட்டும்தான். விசா எந்த வாரம் வேண்டுமானாலும் வரலாம், வந்தால் அடுத்த வாரமே விமானம். அந்தப் பக்கம் கடல் தெளிய வேண்டும். எது முந்தும் என்று தெரியாமல் மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் போனில் மெயில் சத்தம் கேட்டாலே நான் எட்டிப் பார்ப்பேன்.

இந்த முறை போன் நானே போட்டேன். ஆன்ட்டியிடம் கேட்டு நாலு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு, பாத்ரூமில் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைதோறும், அன்றைக்கு எனக்குப் போன் செய்த அந்த வழிகாட்டியைக் கூப்பிட்டேன். "மளெ நிந்திதா சார்?", அதாவது மழை நின்றதா என்பதுதான் என் முதல் கன்னட வாக்கியம். அவர் பொறுமையானவர். மழை நின்றது, ஆனால் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, இறங்கினால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது என்பார். அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்பார். மூன்றாவது வாரத்திலிருந்து என் குரலைக் கேட்டதுமே அவரே முந்திக்கொண்டு, இன்னும் தெளியவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஐந்து வருடம் கற்றுக்கொள்ளாத மொழியை அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு ஆபீசில் என் கன்னடத்தை யாராவது பாராட்டினால், அந்தத் திங்கட்கிழமைகள்தான் நினைவுக்கு வரும்.

கார்த்திகை பிறந்து சில நாளில், வரலாம் என்றார் அவர். அதே வாரம் விசாவும் வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சமிருந்தது. மாதவிலக்கு, ரிலீஸ் எதையும் நான் பார்க்கவில்லை. மாமியாரிடம் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. முருடேஸ்வரத்துக்குப் போகிறோம் அத்தை, ஞாயிறு தங்கி திங்கள் காலையில் சாமி பார்க்கிறோம் என்றாள் திருச்சிக்காரி. கார்த்திகை சோமவாரத்தில் சிவன் கோயிலா என்று அந்த அம்மா உருகிப்போய், எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ என்று சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் அப்படித்தான்.

ஞாயிறு காலை படகில் நாங்கள் மூவர், வேறு இரண்டு ஜோடிகள், இரண்டு வழிகாட்டிகள். போனில் பேசியவரே எங்களுக்கு வந்திருந்தார், மற்றவர் அந்த ஜோடிகளுக்கு. என்னைவிட வயதில் சின்னவர். மளெ நிந்திதா மேடம் என்று என்னையே கேட்டார். கரை மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலானது. தீவு பக்கத்தில் வந்தபோது தண்ணீர் நீலமாக இருந்தது, உள்ளே பாறைகள் தெரிந்தன. நாங்கள் ஜாக்கெட் மாட்டினோம். திருச்சிக்காரி தாலியை டீ-ஷர்ட்டுக்குள் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டாள். என் ஜாக்கெட் பட்டையை இரண்டு தடவை மாற்றி மாட்டிவிட்டேன், பயத்தால் இல்லை. நினைத்தது நடக்கப்போகிறது என்ற பதற்றம்.

வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, இரண்டு பேர் இறங்குங்கள் என்றார்.

மூன்று பேர் என்றேன். அவர் முடியாது என்று தலையாட்டினார். நீச்சல் தெரியாதவர்கள் என்றால் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான், இந்தக் கைக்கு ஒருத்தர், அந்தக் கைக்கு ஒருத்தர். மூன்றாவது ஆளுக்கு ஏதாவது ஆனால் பிடிக்கக் கை இல்லை. மொத்தம் அரை மணி நேரம், பாதியில் ஒருவர் ஏறி இன்னொருவர் மாறிக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் கொட்டிக் கெஞ்சினேன். அவர் சிரிக்கவும் இல்லை, இறங்கிவரவும் இல்லை. அத்தனை திங்கட்கிழமை பேசினேனே, ஒரு நாளாவது இதைக் கேட்டேனா? மூன்று பேரும் ஒன்றாக என்பது எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்ததால் கேட்கவே தோன்றவில்லை.

திருச்சிக்காரி பலகையில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கடி. இனிமே ரெண்டு பேர்தானே. பழகிக்கோங்க."

குத்துவதற்காகச் சொல்கிற அவளுடைய வழக்கமான குரல்தான். சேலத்துக்காரி, ச்சீ வாயை மூடு என்று சொல்லிவிட்டு முதலில் இறங்கினாள். படகுக்குள் நின்று அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் நானும் இறங்கினேன்.

மீன் பார்த்தேன். இல்லையென்று சொல்லமாட்டேன். மஞ்சள் கோடு போட்டவை, நீல வாலுள்ளவை, பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனவை. வீடியோவில் பார்த்ததைவிடப் பக்கத்தில் இருந்தன, கூட்டம் கூட்டமாக என் முகத்துக்கு நேரே வந்து திரும்பின. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு நல்ல மீன் வந்ததும் தலையைத் தூக்கி அவளைத் தேடினேன். படகோரத்தில் கன்னத்தில் கை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டி என் தலையை மெதுவாகத் தண்ணீருக்குள் அமுக்கினார். நான் மறுபடி தூக்கினேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, வளையத்தை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்தேன்.

உன் முறை, இறங்கு என்றேன். முடியாது, நீ போ, அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டே என்றாள். மறுபடி சொன்னேன். அவள் அசையவில்லை. அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுக்குடி ஏறி வந்தே? இன்னும் டைம் இருக்கு" என்றாள்.

"நான் பழகிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் என் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழே சேலத்துக்காரி தலையைத் தூக்கி, ஆமை ஒன்று போகிறது, சீக்கிரம் வாங்கடி என்று கத்தினாள். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.